டிராவல் வாட்சா, டைவ் வாட்சா? வாங்கும் முன் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நல்ல கைக்கடிகாரம் ஒன்று வாங்கலாம் என்று பணம் சேர்த்து வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் இரண்டு வகைகளுக்கு நடுவில் தடுமாறுகிறார்கள். ஒன்று, இரண்டு ஊர்களின் நேரத்தை ஒன்றாகக் காட்டும் டிராவல் வாட்ச். கடைகளில் இதை ஜிஎம்டி வாட்ச் என்பார்கள். இன்னொன்று, கடலுக்கடியில் நீந்துபவர்களுக்காக உருவான டைவ் வாட்ச். இரண்டும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும்: தடித்த உடல், சுழலும் வளையம், இருட்டில் ஒளிரும் முட்கள். ஆனால் வேலை வேறு.

இந்தப் பக்கம் இந்திய நேரத்தில் வாழ்பவர்களையும், இந்தியாவில் வீட்டை வைத்துக்கொண்டு வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்களையும் மனதில் வைத்து எழுதியது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் எழுதப்படும் விமர்சனங்களை அப்படியே நம்பி வாங்கினால் ஓர் இடத்தில் சிக்குவோம். நம் நேரம் கிரீன்விச் நேரத்தைவிட (ஜிஎம்டி) ஐந்தரை மணி முன்னால் இருக்கிறதே, அந்த அரைதான் அது. அதைப் பற்றிக் கீழே விரிவாகவே சொல்கிறேன்.

அடிப்படையில் இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

ஜிஎம்டி வாட்சில் வழக்கமான மூன்று முட்களோடு நான்காவதாக ஒரு முள் இருக்கும். அது நாளைக்கு ஒரே ஒரு சுற்றுதான் சுற்றும். 24 மணி எண்கள் போட்ட வளையத்தில் அது காட்டுவது இன்னோர் ஊரின் நேரம். அங்கே பகலா இரவா என்பதும் ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

டைவ் வாட்சில் அந்த முள் கிடையாது. டயலைச் சுற்றியுள்ள வளையத்தில், அதாவது பெசலில், 60 நிமிடக் கோடுகள் இருக்கும். தண்ணீரில் இறங்கும்போது பெசலின் முக்கோணக் குறியை நிமிட முள்ளுக்கு நேராகத் திருப்பிவிட்டால், எத்தனை நிமிடம் ஆயிற்று என்று கணக்குப் போடாமலே படிக்கலாம். இந்தப் பெசல் ஒரு பக்கமாக மட்டுமே திரும்பும். தவறுதலாக எங்காவது இடித்துத் திரும்பினாலும், உண்மையில் ஆனதைவிட அதிக நேரம் ஆனதாகத்தான் காட்டும். காற்று தீரும் முன்பே மேலே வரவைக்கும் ஏற்பாடு அது.

இந்த இரண்டு வகையும் எப்படி வந்தன?

இரண்டும் 1950களின் பிள்ளைகள். கடலடியில் நீந்திப் போரிடும் பிரெஞ்சு வீரர்களுக்குத் தலைமை வகித்த ராபர்ட் மலூபியே தன் ஆட்களுக்கு ஏற்ற வாட்ச் தேடியபோது பிளான்பான் நிறுவனம் ‘ஃபிஃப்டி ஃபேதம்ஸ்’ வாட்சைக் கொடுத்தது. அது 1953. ரோலெக்ஸ் சப்மரீனரும் அதே ஆண்டைச் சேர்ந்ததுதான். ஜப்பானின் சீகோ தன் முதல் டைவ் வாட்சை 1965இல் கொண்டுவந்தது.

ஜிஎம்டி வகை வானத்தில் பிறந்தது. நீண்ட தூரம் பறக்கும் பான் ஆம் என்ற அமெரிக்க விமான நிறுவனத்தின் விமானிகளுக்காக ரோலெக்ஸ் 1955இல் ஜிஎம்டி மாஸ்டரை வெளியிட்டது. அந்த முதல் மாடலில் 24 மணி முள்ளைத் தனியாக நகர்த்த முடியாது. சாதாரண மணி முள்ளோடு பிணைந்தே ஓடும். இன்னோர் ஊரின் நேரத்தைப் படிக்கப் பெசலைத் திருப்பியாக வேண்டும். மணி முள்ளைத் தனியாக நகர்த்தும் வசதி 1980களின் தொடக்கத்தில் வந்த இரண்டாம் தலைமுறையில்தான் கிடைத்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், நம் அரை மணி நேரச் சிக்கலுக்கு அந்தப் பழைய பெசல் முறைதான் தீர்வு.

கைப்பேசியில் உலக நேரம் எல்லாம் வருகிறதே, இது எதற்கு?

தேவை என்று யாரையும் வற்புறுத்த மாட்டேன். ஆனால் லண்டனில் இருக்கும் மகளுக்குப் போன் செய்யலாமா, இப்போது தூங்குவாளா என்று பார்க்கக் கைப்பேசியை எடுத்தால், முதலில் கண்ணில் படுவது பத்து வாட்ஸ்அப் செய்திகள். மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தால் நேரம் மட்டும் தெரிகிறது. ஈரக் கையோடு சமையலறையில், வண்டி ஓட்டும்போது, மீட்டிங்கில் உட்கார்ந்திருக்கும்போது இது உண்மையிலேயே உதவும். டைவ் பெசலும் அப்படித்தான். சோறு வைத்து எத்தனை நிமிடம், பார்க்கிங்கில் வண்டி விட்டு எவ்வளவு நேரம் என்று தினமும் பயன்படுத்தலாம்.

ஜிஎம்டியில் ‘காலர்’, ‘ஃப்ளையர்’ என்கிறார்களே?

பணம் கொடுக்கும் முன் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது இது. காலர் வகையில், கிரவுனை (நேரம் வைக்கும் பக்கவாட்டுத் திருகை) இழுத்துத் திருகினால் நான்காவது முள் மட்டும் ஒவ்வொரு மணி நேரமாகத் தாவும். உள்ளூர் நேரம் அப்படியே இருக்கும். ஊரிலேயே இருந்துகொண்டு வெளிநாட்டுக்குப் போன் பேசுபவருக்கு இது வசதி. பெயரும் அப்படி வந்ததுதான். சீகோவின் 4ஆர்34 இயந்திரம், சுவிஸ் ஈடிஏ 2893-2, செலிடா எஸ்டபிள்யூ330 எல்லாம் இந்த வகை.

ஃப்ளையர் வகையில், தாவுவது உள்ளூர் மணி முள். நிமிட முள்ளும் வினாடி முள்ளும் நிற்காமல் ஓடும், வீட்டு நேரத்தைக் காட்டும் நான்காவது முள் அசையாது. விமானம் இறங்கியதும் கிரவுனை இழுத்து மூன்று தட்டு தட்டினால் புது ஊர் நேரம் வந்துவிடும். நள்ளிரவைத் தாண்டித் தாவினால் தேதியும் கூடவே மாறும். ரோலெக்ஸ் ஜிஎம்டி மாஸ்டர் 2, டியூடர் பிளாக் பே ஜிஎம்டி, லாஞ்சின் ஸ்பிரிட் ஜூலு டைம் போன்றவை ஃப்ளையர். முன்பு இது விலை உயர்ந்த வாட்ச்களில் மட்டுமே இருந்தது. 2022இல் மியோட்டா 9075 என்ற ஜப்பானிய இயந்திரம் வந்த பிறகு நடுத்தர விலையிலும் கிடைக்கிறது.

ஃப்ளையரில் ஒரு தொல்லையும் உண்டு. பெரும்பாலானவற்றில் தேதியைத் தனியாக மாற்ற முடியாது. ஒரு வாரம் கழற்றி வைத்து வாட்ச் நின்றுவிட்டால், மணி முள்ளை நாளுக்கு இரண்டு சுற்று வீதம் சுற்றித்தான் தேதியைக் கொண்டுவர வேண்டும்.

அப்படியானால் பயணம் போகிறவர்களுக்கு ஃப்ளையர்தானே நல்லது?

இங்கேதான் அந்த அரை மணி நேரம் குறுக்கே வருகிறது.

இந்திய நேரம் கிரீன்விச்சைவிட 5 மணி 30 நிமிடம் முன்னால். 1906ஆம் ஆண்டு தொடக்கத்திலிருந்து இது நடைமுறையில் இருக்கிறது. (அதற்கு முன் சென்னைக்கு மெட்ராஸ் டைம் என்று தனி நேரமே இருந்தது, கிரீன்விச்சைவிட சுமார் 5 மணி 21 நிமிடம் முன்னால். ரயில்கள்கூட அதைப் பின்பற்றின.) இலங்கைக்கும் நமக்கும் ஒரே நேரம். ஆனால் நம்மவர்கள் அதிகம் போய்வரும் மற்ற ஊர்களைப் பாருங்கள். சிங்கப்பூரும் கோலாலம்பூரும் நம்மைவிட இரண்டரை மணி முன்னால். துபாய் ஒன்றரை மணி பின்னால். லண்டன் கோடையில் நாலரை, குளிர்காலத்தில் ஐந்தரை மணி பின்னால். எல்லாவற்றிலும் ஓர் அரை ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஜிஎம்டி வாட்சின் முட்கள் முழு மணி நேரமாக மட்டுமே தாவும். சென்னையிலிருந்து சிங்கப்பூர் போகிறவர் ஃப்ளையர் வாட்சில் மணி முள்ளை இரண்டு தட்டு தட்டினால் போதாது. நிமிட முள்ளையும் அரை வட்டம் நகர்த்த வேண்டும். அதற்குக் கிரவுனை முழுக்க இழுத்து வாட்சையே நிறுத்த வேண்டும். நிறுத்தி அரை மணி நகர்த்தினால் வீட்டு நேரம் காட்டும் நான்காவது முள்ளும் கூடவே அரை மணி நகர்ந்துவிடும். வினாடி தவறாமல் ஓடிக்கொண்டே ஊர் மாறலாம் என்பதற்காகத்தான் ஃப்ளையருக்குக் கூடுதல் விலை. இந்தியாவிலிருந்து கிளம்பும் முதல் பயணத்திலேயே அந்த லாபம் போய்விடுகிறது.

துபாயில் வேலை பார்த்துக்கொண்டு அடிக்கடி லண்டன் போகிறவருக்கும், சிங்கப்பூரிலிருந்து டோக்கியோ, சிட்னி என்று பறப்பவருக்கும் ஃப்ளையர் முழுப் பயன் தரும். சென்னையிலோ கோவையிலோ இருந்துகொண்டு ஆண்டுக்கு ஓரிரு முறை வெளிநாடு போகிறவர் அதற்காகக் கூடுதல் பணம் கொடுக்கத் தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து.

அரை மணி வித்தியாசத்தை ஜிஎம்டி வாட்சில் சரியாகப் படிக்கவே முடியாதா?

முடியும். பெசல் எப்படித் திரும்புகிறது என்பதைப் பொறுத்தது.

நான்காவது முள்ளை இந்திய நேரத்திலேயே வையுங்கள். காலை 10 மணிக்கு அது டயலில் 24 மணிக் கணக்கின்படி 10இன் இடத்தில் நிற்கும். இப்போது பெசலைத் திருப்பி, முள் நிற்கும் இடத்துக்கு நேராக 12க்கும் 13க்கும் நடுப்புள்ளியைக் கொண்டுவந்தால் 12.30. அதுதான் சிங்கப்பூர் நேரம். இனி நாள் முழுக்க முள் பெசலில் காட்டுவது சிங்கப்பூர் நேரமே.

இதற்குப் பெசல் அரை மணி இடைவெளியில் நிற்க வேண்டும். டியூடர் பிளாக் பே ஜிஎம்டி பெசலில் ஒரு சுற்றுக்கு 48 கிளிக்குகள் (திருப்பும்போது நிற்கும் படிகள்), அதாவது ஒரு கிளிக் அரை மணி. நமக்கென்றே செய்தது போல இருக்கிறது. சீகோ 5 ஸ்போர்ட்ஸ் ஜிஎம்டியின் பெசலில் கிளிக்கே இல்லை, வழுக்கிக்கொண்டு எங்கு வேண்டுமானாலும் நிற்கும்; அதுவும் சரி. ரோலெக்ஸ் ஜிஎம்டி மாஸ்டர் 2இல் 24 கிளிக் மட்டுமே. அவ்வளவு விலை கொடுத்தும் அரை மணியில் நிறுத்த முடியாது. முள் காட்டுவதோடு மனதில் அரை மணி கூட்டவோ கழிக்கவோ வேண்டும்.

பெசலே திரும்பாத மாடல்களும் உண்டு. அவற்றில் ஒரு வழக்கத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்: எப்போதும் முள்ளைக் குறைவான மணியில் வைத்து அரை மணி கூட்டிப் படிப்பது. துபாய்க்கு நம்மைவிட இரண்டு மணி பின்னால் வைத்து, பார்க்கும்போது 30 நிமிடம் கூட்டினால் ஒன்றரை மணிக் கணக்கு சரியாகிவிடும். நேபாளம் கிரீன்விச்சைவிட 5 மணி 45 நிமிடம் முன்னால். அதற்கு மனக்கணக்குதான்.

டைவ் வாட்ச் வைத்து இரண்டாவது ஊர் நேரம் பார்க்க முடியுமா?

முடியும். பலருக்கு இது தெரியாமலே ஜிஎம்டிக்குச் செலவு செய்கிறார்கள்.

நல்ல டைவ் வாட்ச்களில் பெரும்பாலும் பெசலுக்கு 120 கிளிக் இருக்கும். ஒரு சுற்று 12 மணி நேரம் என்று எடுத்துக்கொண்டால், 10 கிளிக் ஒரு மணி, 5 கிளிக் அரை மணி. பெசலில் உள்ள 5 என்பதை 1 மணியாகவும், 10 என்பதை 2 மணியாகவும், முக்கோணத்தை 12 மணியாகவும் படிக்க வேண்டும். மணி முள் பெசலில் எங்கே காட்டுகிறதோ அதுதான் அந்த ஊர் நேரம்.

சிங்கப்பூருக்கு, முக்கோணம் 12இல் இருக்கும் நிலையிலிருந்து இடப்பக்கமாக 25 கிளிக். முக்கோணம் ஒன்பதரை மணி இடத்துக்கு வந்துவிடும். இந்தியாவில் 10 மணி ஆகும்போது மணி முள் பெசலில் பன்னிரண்டரையைக் காட்டும். லண்டனுக்குக் குளிர்காலத்தில் முக்கோணத்தை ஐந்தரை மணி இடத்திலும், கோடையில் நாலரை மணி இடத்திலும் வையுங்கள். துபாய்க்கு ஒன்றரை மணி இடம். ஒரே பக்கம் திரும்பும் பெசல் என்பதால் துபாய்க்குக் கிட்டத்தட்ட முழுச் சுற்று சுற்ற வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

குறை என்ன? அங்கே பகலா இரவா என்று இது சொல்லாது. அமெரிக்காவோடு தினமும் வேலை செய்பவருக்கு அது பெரிய குறை. நியூயார்க் குளிர்காலத்தில் நமக்குப் பத்தரை மணி பின்னால் இருப்பதால் பகலும் இரவும் தலைகீழாகிவிடும். சிங்கப்பூர், துபாய்க்கு இந்தக் குழப்பம் வராது. இன்னொன்று, 60 கிளிக் பெசலில் அரை மணிக்கு இரண்டரை கிளிக் ஆகும், சரியாக நிற்காது. வாங்கும்போது கிளிக்கை எண்ணுங்கள்.

ஜிஎம்டி வாட்சில் நிமிடக் கணக்கு வைக்கலாமா?

24 மணிப் பெசலை வைத்து முடியாது. அது இரண்டு பக்கமும் திரும்பும், நிமிடக் கோடும் இல்லை. நீருக்கடியில் அதை நம்பவே கூடாது.

‘100 மீட்டர்’ என்று போட்டிருந்தால் நூறு மீட்டர் ஆழம் போகலாமா?

அது ஆழத்தின் அளவாக எழுதப்பட்டிருந்தாலும், சோதனைச்சாலையில் தாங்கிய அழுத்தத்தைத்தான் குறிக்கிறது. 10 மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு பார் அழுத்தம். 30 மீட்டர் என்று போட்ட வாட்ச் கை கழுவும்போது தெறிக்கும் நீரையும் மழையையும் தாங்கும், அதோடு நீந்தாதீர்கள். 100 மீட்டர் என்றால் நீச்சல் குளம், கடற்கரை எல்லாம் தாராளமாக. பெரும்பாலான ஜிஎம்டி வாட்ச்கள் இந்த 100 மீட்டரில் நிற்கின்றன. டைவ் வாட்ச்கள் பொதுவாக 200இல் தொடங்குகின்றன.

ஆனால் எண்ணைவிட முக்கியம் எந்தத் தரநிலை என்பது. சாதாரண வாட்ச்களுக்கு ஐஎஸ்ஓ 22810. அதில் மாதிரிக்குச் சிலவற்றைச் சோதித்தால் போதும். டைவ் வாட்ச்களுக்கு ஐஎஸ்ஓ 6425. அதன்படி ஒவ்வொரு வாட்சையும் குறிப்பிட்ட அழுத்தத்தைவிட 25 சதவீதம் அதிகத்தில் சோதிக்க வேண்டும். உப்பு நீர், அதிர்ச்சி, காந்தம் என்று தனித்தனிச் சோதனைகள் உண்டு. இருட்டில் 25 சென்டிமீட்டர் தூரத்திலிருந்து நேரம் தெரிய வேண்டும்; வாட்ச் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதும் தெரிய வேண்டும். அதனால்தான் டைவ் வாட்சின் வினாடி முள்ளிலும் ஒளிரும் புள்ளி வைக்கிறார்கள். டயலில் 200 மீட்டரோடு ‘டைவர்ஸ்’ என்ற சொல்லும் இருந்தால் இந்தத் தரநிலைக்கு உட்பட்டது. கேசியோவின் ட்யூரோ 200 மீட்டர் வாட்ச்தான், விலைக்கு அருமையான பொருள், ஆனால் அந்தச் சொல் அதில் இருக்காது.

கையை வேகமாக வீசி நீந்தினால் அழுத்தம் பலமடங்கு ஏறும் என்று பரவலாகச் சொல்வார்கள். கை வீச்சால் கூடும் அழுத்தம் மிகக் குறைவு. வாட்சுக்குள் தண்ணீர் போவது பெரும்பாலும் கிரவுனைத் திருகி மூட மறந்ததாலும், உள்ளிருக்கும் ரப்பர் கேஸ்கெட் பழசானதாலும்தான்.

அந்தமானில் ஸ்கூபா செய்யப் போகிறேன். டைவ் வாட்ச் கட்டாயமா?

இல்லை. சுவராஜ் தீவிலோ புதுச்சேரியிலோ முதன்முறை பயிற்சியாளரோடு இறங்கும் அறிமுக டைவ் 12 மீட்டருக்குள் முடிந்துவிடும். ஓபன் வாட்டர் என்ற முதல்நிலை டைவிங் சான்றிதழ் வாங்கினால் 18 மீட்டர். பொழுதுபோக்கு டைவிங்கின் எல்லையே 40 மீட்டர்தான். ஆழத்தையும் நேரத்தையும் மேலே வரும் வேகத்தையும் இப்போது டைவ் கம்ப்யூட்டர் கணக்கிடுகிறது. அது பழுதானால் உதவும் துணையாக டைவ் வாட்ச் கட்டிக்கொள்பவர்கள் உண்டு, அது நல்ல பழக்கம். வாட்ச் இருக்கிறது என்பதற்காகக் கம்ப்யூட்டர் இல்லாமல் இறங்கக் கூடாது. கடலிலிருந்து வந்ததும் நல்ல தண்ணீரில் அலசிப் பெசலை இரண்டு சுற்றுச் சுற்றிவிடுங்கள், உப்பு படிந்தால் இறுகிவிடும்.

ஹீலியம் வால்வு உள்ளது வாங்கவா?

வேண்டாம். வாட்சுக்குள் புகுந்த ஹீலியம் வாயுவை வெளியே விடும் அந்த வால்வு, கடலடியில் நாட்கணக்கில் அழுத்த அறைக்குள் தங்கி வேலை செய்பவர்களுக்கானது. உங்களுக்கும் எனக்கும் அதனால் எந்தப் பயனும் இல்லை.

வெளிநாடுகளில் கோடை நேரம் மாறும்போது என்ன செய்வது?

பிரிட்டனும் ஐரோப்பாவின் பெரும்பகுதியும் மார்ச் கடைசி ஞாயிறு ஒரு மணி முன்னால் போய், அக்டோபர் கடைசி ஞாயிறு பழையபடி வரும். அமெரிக்காவிலும் கனடாவிலும் பெரும்பாலான இடங்களில் மார்ச் இரண்டாம் ஞாயிறு, நவம்பர் முதல் ஞாயிறு. காலர் ஜிஎம்டியில் முள்ளைத் தட்டி ஒரு மணி மாற்றினால் வேலை முடிந்தது. டைவ் பெசல் என்றால் 10 கிளிக் கணக்கு, பழையபடி வரும்போது மட்டும் கிட்டத்தட்ட முழுச் சுற்று. சிங்கப்பூர், மலேசியா, துபாயில் கோடை நேரம் கிடையாது.

இரண்டும் சேர்ந்த வாட்ச் உண்டா?

உண்டு. வெளியே 60 நிமிட டைவ் பெசல், டயலின் விளிம்பில் 24 மணி எண்கள், நான்கு முட்கள். 2023இல் வந்த சீகோ ப்ராஸ்பெக்ஸ் டைவர் ஜிஎம்டி 200 மீட்டர், காலர் வகை. லாஞ்சின் ஹைட்ரோகான்க்வெஸ்ட் ஜிஎம்டி 300 மீட்டர், ஃப்ளையர் வகை. படிக்கும்போது நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 24 மணி எண்கள் டயலில் நிலையாக இருப்பதால் அரை மணிக்கு மனக்கணக்கு போட்டே தீர வேண்டும். டயலிலும் எழுத்துகள் நெருக்கமாகிவிடும். நாற்பது வயதைத் தாண்டிய கண்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. வாட்சும் தடிக்கும். பட்ஜெட் இருந்து, கடலிலும் இறங்குவேன், அடிக்கடி பறக்கவும் செய்வேன் என்பவருக்கு மட்டும் இது பொருந்தும்.

ஆட்டோமேட்டிக்கா, பேட்டரியா?

கை அசைவிலேயே சாவி ஏறும் ஆட்டோமேட்டிக் மீது எனக்கு ஆசை அதிகம், அதை மறைக்கவில்லை. ஆனால் உண்மை நிலவரம் இது: சீகோ 4ஆர் வகை இயந்திரங்களுக்கு நாளைக்கு 45 வினாடி முன்னால் போகலாம், 35 வினாடி பின்தங்கலாம் என்பதே நிறுவனம் தரும் எல்லை. நடைமுறையில் இதைவிட நன்றாகவே ஓடும் என்றாலும், ஒரு பேட்டரி வாட்ச் ஒரு மாதத்தில் காட்டும் வித்தியாசத்தை இது ஒரு நாளில் காட்டக்கூடும். 4ஆர்34 முழுச் சாவியில் 41 மணி நேரம் ஓடும். சனி ஞாயிறு கழற்றி வைத்தால் திங்கள் காலை நின்றிருக்கும். டைவ் வாட்ச் என்றால் நேரத்தையும், தேதி இருந்தால் அதையும் வைத்தால் போதும். ஜிஎம்டி என்றால் நேரம், தேதி, நான்காவது முள் மூன்றையும் வைக்க வேண்டும். தினமும் கட்டாதவர் இதை யோசித்தே ஆட்டோமேட்டிக் ஜிஎம்டி பக்கம் போக வேண்டும்.

சூரிய ஒளியில் ஓடும் சிட்டிசன் ஈகோ டிரைவ் இதற்கு நல்ல மாற்று. அதன் ப்ரோமாஸ்டர் டைவர் 200 மீட்டர், ஐஎஸ்ஓ தரநிலைக்கு உட்பட்டது. முழுச் சார்ஜில் ஆறு மாதம் இருட்டுப் பெட்டியிலேயே ஓடும்.

சில ஆயிரம் ரூபாய்தான் பட்ஜெட் என்றால்?

தயங்காமல் கேசியோ ஏஇ-1200 வாங்குங்கள். 48 நகரங்களின் நேரம், 100 மீட்டர் தண்ணீர்த் தாங்கு திறன், பத்து ஆண்டு பேட்டரி. எண்களில் காட்டுவதால் அரை மணி, முக்கால் மணி எல்லாவற்றையும் சரியாகக் காட்டும். இந்த ஒரு விஷயத்தில் பல லட்ச ரூபாய் ஜிஎம்டி வாட்ச்களைவிட நமக்கு இது துல்லியம். டைவ் வாட்ச் தோற்றம் வேண்டும் என்றால் அதே கேசியோவின் ட்யூரோ.

அளவு எப்படிப் பார்ப்பது?

விட்டத்தை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். ஸ்ட்ராப் மாட்டும் கொம்புகள் மேலிருந்து கீழ்வரை எவ்வளவு நீளம் என்று கேளுங்கள். உங்கள் மணிக்கட்டின் மேல்பக்க அகலத்தைத் தாண்டக் கூடாது. சீகோவின் புகழ்பெற்ற எஸ்கேஎக்ஸ்007 விட்டம் 42 மில்லிமீட்டருக்கு மேல் என்றாலும் கொம்பு நீளம் 46தான், அதனால் மெலிந்த கைக்கும் உட்கார்ந்தது. சீகோ 5 ஜிஎம்டியும் அதே உடலமைப்பு. 13 மில்லிமீட்டருக்கு மேல் தடிமன் என்றால் முழுக்கைச் சட்டையின் கஃப்பில் முட்டும்.

தோல் ஸ்ட்ராப் நம் வெயிலுக்கு ஆகாது. வியர்வையில் ஊறி சீக்கிரமே நாறும். ரப்பர், நைலான், ஸ்டீல் செயின் இவற்றில் ஒன்றைப் பாருங்கள்.

எல்லாம் சரி, எனக்கு எது?

ஒரே வாட்ச்தான் வாங்கப் போகிறீர்கள், வீடு வேலை எல்லாம் இந்தியாவில், வெளிநாட்டுப் போன் வாரத்துக்கு ஓரிரு முறை என்றால் டைவ் வாட்ச். தண்ணீர், வியர்வை, மழை எதற்கும் பயப்படாமல் கட்டலாம், பராமரிப்பு எளிது, தேவைப்படும் நாளில் 120 கிளிக் பெசலை வைத்து இரண்டாவது ஊரையும் பார்த்துக்கொள்ளலாம்.

தினமும் அமெரிக்காவோடோ ஐரோப்பாவோடோ வேலை, அல்லது பிள்ளைகள் வெளிநாட்டில் என்றால் காலர் ஜிஎம்டி. அதில் பெசல் அரை மணியில் நிற்குமா என்பதை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ இருந்து அங்கிருந்து பிற நாடுகளுக்கு மாதம் ஒருமுறையாவது பறப்பவருக்கு ஃப்ளையர் ஜிஎம்டிக்குக் கொடுக்கும் பணம் வீண் இல்லை.

பெற்றோருக்குப் பரிசளிக்க என்று கேட்பவர்களும் உண்டு. அப்பாவுக்கு ஜிஎம்டி கொடுப்பதாக இருந்தால், முள்ளையும் பெசலையும் நீங்களே உங்கள் ஊர் நேரத்துக்கு வைத்து, எப்படிப் படிப்பது என்று பக்கத்தில் உட்கார்ந்து காட்டிவிட்டுக் கொடுங்கள். இல்லையென்றால் நான்கு முள் குழப்பமாக இருக்கிறது என்று பீரோவுக்குள் போய்விடும்.

கடையில் எதையெல்லாம் சோதிக்க வேண்டும்?

கிரவுனை ஒரு படி இழுத்துத் திருகச் சொல்லுங்கள். நான்காவது முள் தாவினால் காலர், மணி முள் தாவினால் ஃப்ளையர். விற்பவர் சொல்வதைவிட இது நம்பகமானது. நேரம் வைக்கும் படிக்கு இழுத்துச் சரியாக 12 மணிக்குக் கொண்டுவந்து, நான்காவது முள் ஏதாவது ஒரு மணிக்கோட்டின் மேல் நேராக நிற்கிறதா என்று பாருங்கள். கோணலாக நின்றால் வேறொன்று கேளுங்கள். டைவ் வாட்சில் முக்கோணம் 12க்கு நேராக நிற்கிறதா, பெசல் ஆடுகிறதா, கிரவுன் தடையில்லாமல் திருகி மூடுகிறதா என்று பாருங்கள். விளக்கிலிருந்து விலக்கி, கையால் மூடி, ஒளிர்வதையும் பாருங்கள்.

பழைய வாட்ச் வாங்கினால் கேஸ்கெட் மாற்றி, தண்ணீர் அழுத்தச் சோதனை செய்து தரச் சொல்லுங்கள். பேட்டரி மாற்றினாலும் அப்படித்தான்; பின்மூடியைத் திறந்தபின் சோதனை செய்யாத வாட்ச், முன்பு எத்தனை மீட்டர் தாங்கியிருந்தாலும், தண்ணீருக்குப் போகக் கூடாது. இதற்கான கருவி நகரங்களில் நல்ல சர்வீஸ் கடைகளில் இருக்கிறது.

சிங்கப்பூரிலோ துபாயிலோ வாங்கி வந்தால் மலிவா?

சில மாடல்களுக்கு மலிவு. ஆனால் மூன்று விஷயம் பாருங்கள். உத்தரவாத அட்டை சர்வதேச உத்தரவாதமா, கடையின் முத்திரையும் தேதியும் இருக்கிறதா. அங்கே விமான நிலையத்தில் வரி திரும்பக் கிடைக்குமா. இந்தியாவில் இறங்கும்போது சுங்க விலக்கு வரம்பைத் தாண்டுகிறதா. தாண்டினால் ரசீதோடு அறிவித்து வரி கட்டிவிடுங்கள். இங்கிருந்து விலை உயர்ந்த வாட்சைக் கட்டிக்கொண்டு போகிறவர்கள், கிளம்பும் முன் விமான நிலைய சுங்கப் பிரிவில் ஏற்றுமதிச் சான்று வாங்கி வைத்தால், திரும்பி வரும்போது அங்கே வாங்கியதா என்ற கேள்வி எழாது.